மூணு வருசத்து வலி

ஏழாங்கட்டை ரப்பர்த் தோட்டத்தில் புது வலிக்கு மருந்து கிடையாது. இதை யாரும் எழுதி ஒட்டி வைக்கவில்லை. பால்வெட்டுக்குப் பேர் பதிந்த அன்றைக்கே எல்லாருக்கும் தெரிந்துபோகும். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டு கலைந்ததும் மருந்துக் கொட்டாய்க்கு முன்னால் போய் நின்று, "நேத்திலேருந்து வயித்து வலிங்கய்யா" என்று ஒருத்தன் சொன்னானென்றால் அவனை மாதிரி மடையன் கிடையாது. டிரெசர் விசுவநாதன் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்ப்பார். "நேத்து வந்தது நாளைக்குப் போயிரும்லா. போ, போயி மரத்த வெட்டு" என்பார். பெரிய போத்தலிலிருந்து ஒரு மடக்கு வெள்ளைத் தண்ணி மருந்து ஊற்றிக் கொடுப்பார், அவ்வளவுதான். எல்லா வியாதிக்கும் அதே தண்ணிதான்.

அதனால் ஜனங்கள் வலிக்கு வயசு ஏற்றப் படித்துக்கொண்டார்கள். பல்வலி என்றால் ரெண்டு வருசமா. இடுப்புப் பிடிப்பு என்றால் மூத்தவள் பிறந்ததிலிருந்து. காய்ச்சல் ஒன்றுக்குத்தான் அதிகம் ஏற்ற முடியாது, அதையும் ஒரு மாசம் என்பார்கள். அப்படிச் சொன்னால்தான் டிரெசர் பேனாவை எடுப்பார், ஊசி போடுவார், தேவைப்பட்டால் சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதுவார். துண்டில்லாமல் போனால் அன்றைக்கு வேலைக்கு வராத கணக்கு. ஒரு தரம் தேள் கொட்டிக் காலை நொண்டிக்கொண்டு ஓடிய ஆறுமுகத்திடம் டிரெசர், "எப்பலேருந்துடா?" என்று கேட்க, அவன் வாய்ப்பழக்கத்தில், "போன மாசத்துலேருந்துங்கய்யா" என்று சொல்லிவிட்டான். லயத்து வீட்டு ஜனமே வயிறு வலிக்கச் சிரித்தது. டிரெசரும் சிரித்தார். அப்புறந்தான் ஊசி போட்டார்.

பஞ்சாலை கோலா கிளாவாங் பக்கத்து மலைத்தோட்டத்தில் பிறந்தவள். சன்னாசிக்கு வாழ்க்கைப்பட்டு இந்தப் பக்கம் வந்த புதிதில், பேறு வலியோடு போனவள் உள்ளதைச் சொல்லிவிட்டு வாசலிலேயே கிடந்தாள். அந்தப் பிள்ளை தங்கவில்லை. அதற்கப்புறம் அவளுக்குப் பாடம் சொல்லித்தர ஆள் தேவைப்படவில்லை. அடுத்து வந்த தவமணிக்கு இருமல் கண்டபோது, பால்குடி மறக்காத பிள்ளைக்கு, "ஒரு வருசமா இருமுதுங்கய்யா" என்று சொன்னாள்.

சன்னாசிக்கு வலி வந்தது தீபாவளி கழிந்து, மழை விட்டும் விடாமலும் இருந்த நேரம். புருசனும் பெஞ்சாதியும் அடுத்தடுத்த மர நிரையில் வெட்டினார்கள். அவர்களுக்குப் பிரித்துவிட்ட தீம்பார்க் காடு மேட்டுப்பக்கம். காண்டாக் கம்பின் ரெண்டு முனையிலும் வாளி நிறையப் பாலைத் தொங்கவிட்டுத் தோளில் வைத்து, வழுக்கும் செம்மண்ணில் கட்டைவிரலை ஊன்றி ஏற வேண்டும். சன்னாசி அதை விளையாட்டுப்போலச் செய்கிறவன். வாயில் பாட்டு இருக்கும். பாலைச் சிந்தினான் என்று வேலையை மேய்க்கிற மண்டோர் ஒருநாளும் வாயைத் திறந்ததில்லை. அன்றைக்குப் பாதி மேட்டில் பாட்டு நின்றது. பஞ்சாலை திரும்பிப் பார்த்தாள். வாளிகளைப் பக்குவமாக இறக்கி வைத்துவிட்டு, மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து நெஞ்சை நீவிக்கொண்டிருந்தான். மூஞ்சியெல்லாம் வேர்வை. மழைக்குளிரில் அப்படி ஒரு வேர்வை.

"என்னாங்க? என்னா செய்யுது?"

"ஒன்னுமில்லலா. காத்து புடிச்சிக்கிச்சி. காலைல அந்த மரவள்ளிக்கெழங்கத் தின்னேன்ல."

"கெழங்கு நானுந்தான் தின்னேன். எனக்கு ஒன்னும் புடிக்கல."

"ஒனக்கு எங்கிட்டு புடிக்கும்? ஒன்னப் பாத்தா காத்தே பயந்து ஓடிரும்" என்று சிரித்தான். சிரிக்கும்போதும் கை நெஞ்சை விட்டு இறங்கவில்லை.

அவள் பூண்டைச் சுட்டுக் கொடுத்தாள், இஞ்சியைத் தட்டிக் கொடுத்தாள், பச்சைப் போத்தல் காத்து எண்ணெயைச் சூடு பறக்கத் தேய்த்துவிட்டாள். ரெண்டு நாள் நன்றாக இருப்பான். மூன்றாம் நாள் மேட்டில் ஏறும்போது மறுபடி உட்காருவான். ராத்திரிச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்திரிக்க ஆரம்பித்தான். கருவாட்டுச் சம்பல் இருந்தால் பானையைக் கவிழ்த்துவிடுகிற ஆள் அவன். ஒருநாள் அவன் மாட்டேன் மாட்டேன் என்று முரண்டு பிடிக்கப் பிடிக்கச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஞ்சாலை மருந்துக் கொட்டாய்க்குப் போனாள்.

டிரெசர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னா பஞ்சாலை, புருசன ஆட்டுக்குட்டி மாதிரி இழுத்துக்கிட்டு வர்ற?"

"நெஞ்சு வலிங்கய்யா அவருக்கு."

"நெஞ்சு வலியா, காத்தா? சன்னாசி, நீ சொல்லு."

"காத்துதாங்கய்யா" என்றான் சன்னாசி, தப்பு செய்த பிள்ளை மாதிரி.

டிரெசர் வெள்ளைப் போத்தல் பக்கம் கையை நீட்டினார். பஞ்சாலைக்கு அந்தக் கையைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

"காத்து இல்லீங்கய்யா. இவரு சும்மா சொல்றாரு. வேர்த்துக் கொட்டுது, மேடு ஏற முடியல, சோறு எறங்கல."

"எத்தன நாளா?"

"மூணு வருசமாங்கய்யா!"

போத்தல் பக்கம் போன கை நின்றது. சன்னாசி திரும்பி அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவேயில்லை. டிரெசர் காப்பியைத் தள்ளி வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டார். புருவம் சுருங்கியது. அவரை ஒன்றும் தெரியாதவர் என்று சொல்ல முடியாது. அன்றைக்கே துண்டு எழுதிக் கொடுத்துவிட்டார். வெளியே வந்ததும் சன்னாசி கேட்டான்:

"ஏ புள்ள, மூணு வருசமாடி எனக்கு வலி? மூணு வருசத்துக்கு முந்தி நான் கோலா கிளாவாங் திருவிழால காவடி எடுத்தவன்டி."

"பேசாம வாங்க. துண்டு கெடச்சிச்சில்ல."

அவளுக்கு அன்றைக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைதான். கெட்டிக்காரத்தனமாகக் காரியத்தை முடித்துவிட்டோம் என்று நினைத்தாள்.

சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு சீன டாக்டர் பார்த்தார். நெஞ்சிலும் காலிலும் ஒயர் ஒட்டிப் படம் எடுத்தார். மலாயில் நிதானமாகச் சொன்னார்: ரத்தக்குழாயில் அடைப்பு மாதிரித் தெரிகிறது, கே.எல். என்கிற கோலாலம்பூரில் குழாய் விட்டுப் பார்த்தால்தான் நிச்சயம், பேர் பதிந்து வைக்கிறேன், ஆனால் முறை வருவதற்கு ஒரு வருசம் ஆகிவிடும். அப்புறம் சன்னாசியின் சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருந்த நீலக் கார்டைப் பார்த்துவிட்டு, "இது உங்க கம்பெனி இன்சூரன்ஸ் கார்டா? அப்ப ஏன் இங்க காத்துக் கெடக்கணும்? பிரைவேட்டுக்குப் போங்க. ஒரே வாரத்துல பாத்துருவாங்க. நாள் கடத்தாதீங்க" என்றார். மாத்திரை கொடுத்தார், நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையும் ஒன்று. மேடு ஏறக்கூடாது, சுமை தூக்கக்கூடாது என்றார்.

அந்த நீலக் கார்டு அந்த வருசத் தொடக்கத்தில் வந்தது. தோட்டம் கைமாறியபோது புது கம்பெனிக்காரன் பழைய ஆஸ்பத்திரி வேனை விற்றுவிட்டான். அதற்குப் பதிலாக எல்லாருக்கும் இன்சூரன்ஸ் என்று சொல்லி, பந்து விளையாடுகிற திடலில் பந்தல் போட்டு, கேக்கும் ஆரஞ்சுத் தண்ணியும் கொடுத்து ஆளுக்கொரு கார்டு தந்தான். இனிமேல் நீங்களும் டவுன்காரர்கள் மாதிரி என்று மேனேஜர் பேசினார். ஜனங்கள் கை தட்டினார்கள். சன்னாசி அந்தக் கார்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தான்.

மறுவாரம் செனவாங் ஃபேக்டரியில் வேலை செய்யும் மகள் தவமணி லீவு போட்டுவிட்டு வந்து, ரெண்டு பேரையும் சிரம்பானில் ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். தரை கண்ணாடி மாதிரி இருந்தது. பஞ்சாலை செருப்பை வாசலில் கழற்றிவிட்டுப் போக, தவமணி ஓடி எடுத்து வந்தாள். கவுண்டர்ப் பெண் கார்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் தவமணியிடம் இங்கிலீசில் என்னவோ சொன்னாள்.

"என்னாடி சொல்றா?"

"கார்டு மட்டும் பத்தாதாம்மா. மொதல்ல கே.எல். இன்சூரன்ஸ் ஆபீசு அப்ரூவல் குடுக்கணுமாம். அவங்க சரின்னு லெட்டர் அனுப்புனாத்தான் அட்மிட் பண்ணுவாங்களாம்."

"டாக்டரு பாக்கட்டும். லெட்டர் பின்னாடி வரட்டும்."

"பின்னாடி வந்தா ஒத்துக்க மாட்டாங்களாம்மா. முன்னாடி வரணும்."

"நெஞ்சு வலி முன்னாடி சொல்லிட்டா வருது?"

தவமணி அதை இங்கிலீசில் சொல்லவில்லை. கவுண்டர்ப் பெண் பாவம், சின்னப் பிள்ளை, "சாரி ஆன்ட்டி" என்றாள்.

திரும்பி வரும்போது ரந்தாவில் பஸ் மாறினார்கள். காதர் மைதீன் கடையில் சன்னாசிக்குப் பிடித்த ரொட்டியும் பருப்புக் குழம்பும் வாங்கிக் கொடுத்தாள் தவமணி. காதர் மைதீன் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார்.

"என்னாண்ணே, பிரைவேட் ஆஸ்பத்திரியெல்லாம் போய்ட்டு வர்றீங்களாம்? எப்படியிருந்துச்சி?"

"ஏர்கண்டிசன் நல்லாருந்துச்சி பாய். அது ஒன்னுக்குத்தான் அப்புருவல் கேக்கல" என்றான் சன்னாசி. எல்லாரும் சிரித்தார்கள். அவன் ரொட்டியில் பாதியைத் தொடவேயில்லை.

அப்ரூவல் கேட்டு எழுத வேண்டியது டிரெசர். அவர் தன் குறிப்பைப் பார்த்து ஒழுங்காக எழுதி அனுப்பினார், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பதில் வருகிறவரை சன்னாசிக்கு மேட்டு நிரையை மாற்றித் தரும்படி பஞ்சாலை கேட்டாள். லேசு வேலைக்கும் மேலிடத்துச் சம்மதம் வேண்டும் என்றார் ஆபீசுக் கணக்குப் பார்க்கிற பெரிய கிராணி. சரி, அவள் பாட்டுக்குத் தன் நிரையை அரையும் குறையுமாக வெட்டிவிட்டு ஓடி, அவன் மரங்களில் பாலெடுத்தாள். அவன் காண்டாவையும் அவளே தூக்கினாள். "பொட்டச்சி தூக்கறதப் பாத்துக்கிட்டு நிக்கச் சொல்றியா?" என்று அவன் கத்துவான். கத்தினால் நெஞ்சு வலிக்கும். அதனால் அதையும் நிறுத்திக்கொண்டான். மாரியம்மா, பக்கத்து வீட்டுக்காரி, தன் வேலை முடிந்ததும் வந்து ஒரு வாளிக்குக் கை கொடுப்பாள்.

மழைக்காலம் முடிந்து இலையுதிர் காலம் வந்தது. கித்தா ரப்பர் மரமெல்லாம் மொட்டையாக நின்று, காலை எட்டு மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. பெரிய கிராணி பஞ்சாலையை ஆபீசுக்குக் கூப்பிட்டனுப்பினார். டிரெசரும் அங்கே இருந்தார். மேசைமேல் ஒரு காகிதம்.

"கே.எல்.லேருந்து பதில் வந்திருக்கு" என்றார் கிராணி. "முடியாதுங்கறான்."

"ஏங்கய்யா?"

"கார்டு குடுத்தது போன வருசம். ஒன் புருசனுக்கு நோவு மூணு வருசமா இருக்குதாம். கார்டுக்கு முந்தியே வந்த நோவுக்கு அவங்க பொறுப்பு இல்லையாம். பழைய நோவாம்."

பஞ்சாலைக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மூணு வருசம் இல்லீங்கய்யா. தீபாவளி கழிஞ்சிதான். அது நான் சும்மா சொன்னது."

டிரெசர் கண்ணாடியைக் கழற்றினார். "சும்மா சொன்னியா?"

"எல்லாரும் சொல்றதுதாங்கய்யா. ஒங்களுக்குத் தெரியாதா? அப்புடிச் சொன்னாத்தான நீங்க பாப்பீங்க?"

"ஓ! அப்ப தப்பு என்னோடதா?"

"நான் அப்புடிச் சொல்லலீங்க. தப்பு என் வாயோடதுதான். இப்ப உள்ளதச் சொல்றேன், மாத்தி எழுதுங்கய்யா. ஒங்க கால்ல விழறேன்."

"எழுந்திரு மொதல்ல, எழுந்திரு. இந்தா பாரு பஞ்சாலை, நான் ஆத்திரத்துல பேசல. மூணு வருசம்னு எழுதுனவன் நானு. இப்ப மூணு மாசம்னு எழுதுனா அவன் என்னா கேப்பான்? மொத எழுதுனது பொய்யா, இப்ப எழுதறது பொய்யான்னு கேப்பான். ரெண்டுல எது பொய்யின்னாலும் என் வேல போயிரும். லிங்கிப் பக்கம் ஒரு டிரெசர இப்புடித்தான் வீட்டுக்கு அனுப்புனானுங்க."

"தீபாவளிக்கு முந்தி அவரு காண்டா தூக்கிப் போனத நீங்களே பாத்துருக்கீங்க. மோட்டர்ல போறப்ப நின்னு அவருகூடப் பேசிருக்கீங்க. மூணு வருச நோயாளியா அவரு?"

"நான் பாத்தேன். நான் பாத்தத எழுத அதுல எடமில்லையே. நோயாளி தரப்பு சொன்னத எழுதுன்னுதான் இருக்கு. நீ சொன்ன, நான் எழுதுனேன்."

கிராணி நடுவில் புகுந்தார். "அப்பீல் பண்ணிப் பாப்பம் சார். உள்ளத உள்ளபடி எழுதுங்க."

டிரெசர் வெகுநேரம் பேனாவை உருட்டினார். பிறகு எழுதினார். என்ன எழுதினார் என்பதைக் கிராணி அப்புறம் படித்துச் சொன்னார். முதலில் மூன்று வருசம் என்று சொன்ன நோயாளியின் மனைவி, மறுப்பு வந்த பிறகு, மூன்று மாதம் என்று இப்போது மாற்றிச் சொல்கிறார். இதுதான். ஒரு எழுத்து பொய் இல்லை. இப்படி ஒரு உண்மையை எழுதுவதற்குப் பதில் அந்த மனுசன் அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து சன்னாசியிடம் சொன்னபோது அவன் கோபப்படுவான், அடித்தாலும் அடிக்கட்டும் என்றுதான் அவள் நினைத்தாள். அவன் பாயில் உட்கார்ந்து கால் நகத்தைச் சீவிக்கொண்டிருந்தான். கேட்டுவிட்டு, "கொஞ்சம் கொறச்சி சொல்லிருக்கலாம்லா புள்ள. ஆறு மாசம்னு சொல்லிருந்தா போதும்ல" என்றான்.

அதற்கு அவள் அழுத அழுகை மாரியம்மாவை அடுப்பை விட்டுவிட்டு ஓடிவரச் செய்தது. "என் வாயாலயே கெடுத்தேனே, என் வாயாலயே கெடுத்தேனே" என்று மாரில் அறைந்துகொண்டாள். சன்னாசி அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "நீ எனக்காகத்தான சொன்ன. விடு. அவனுக்கு என்னா தெரியும் நம்ம கதை?" என்றான். அவன் திட்டியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒரு சனிக்கிழமை அரைநாள் லீவில் தவமணி வந்து, அம்மாவைக் கூட்டிக்கொண்டு ரந்தாவுக்குப் போனாள். காதர் மைதீன் கடைப் போனிலிருந்து கே.எல். ஆபீசுக்குப் பேசுவது என்று ஏற்பாடு. முதலில் ஒரு பெண் எடுத்தாள். இரு என்றாள். பாட்டு வந்தது. தவமணி பாட்டைக் கேட்டுக்கொண்டு நின்றாள். வேறொருத்தர் எடுத்தார், நம்பர் கேட்டார், மறுபடி பாட்டு.

"என்னாடி, ஆளு பேசலியா?"

"பாட்டு போடுறாங்கம்மா."

"அவங்கப்பன் பாட்டா? சாவக் கெடக்கற மனுசனுக்குப் பாட்டா போடுறான்?"

கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காதர் மைதீன் ரேடியோவை அணைத்தார். அப்புறம் ஒரு குரல் வந்தது. தவமணி இங்கிலீசில் சொல்லத் தொடங்கியவள், திடீரென்று முகம் மலர்ந்து, "அம்மா, தமிழ் ஆளும்மா!" என்றாள். பஞ்சாலை போனைப் பிடுங்கினாள்.

"தம்பி! நீங்க தமிழா தம்பி?"

"ஆமாம்மா, சொல்லுங்க."

அவளுக்கு அந்த நிமிசம் சாமியே பேசுகிற மாதிரி இருந்தது. ஒன்றுவிடாமல் சொன்னாள். மேட்டில் பாட்டு நின்றது, வெள்ளைத் தண்ணி, தேள் கொட்டினவன் கதை எல்லாம். அந்தப் பையன் நடுவில் ஒரு தரம் சிரித்துங்கூட விட்டான். பிறகு தொண்டையைச் செருமினான்.

"அம்மா, எனக்கு நல்லாப் புரியுது. எங்க தாத்தாவும் தோட்டந்தான். ஆனா ஃபைல்ல ரெண்டு ஸ்டேட்மென்ட் இருக்கும்மா. ஒன்னு மூணு வருசம், ஒன்னு மூணு மாசம். இப்ப நான் ஒன்னும் செய்ய முடியாது. எங்க கம்பெனி பேனல் டாக்டர் ஒங்க வீட்டுக்காரர செக் பண்ணி ரிப்போர்ட் குடுக்கணும். அடுத்த மாசம் தேதி போட்டு லெட்டர் வரும்."

"அடுத்த மாசமா? தம்பி, அவரு சோறு தின்னு வாரக்கணக்கா ஆவுது."

"நீங்க மொதல்லயே உள்ளதச் சொல்லியிருக்கலாம்லம்மா."

பஞ்சாலை போனைத் தவமணி கையில் கொடுத்துவிட்டாள். அவன் திட்டவில்லை, அன்பாகத்தான் சொன்னான். அதனால்தான் அது உள்ளே போய் இறங்கியது. பஸ்ஸில் வரும்வழியில் தவமணி, "பேனல் டாக்டர் கேட்டா என்னாம்மா சொல்லுவ?" என்று ஒரு தரம் கேட்டாள். "தீபாவளிக்கு அப்பறம்" என்று சொல்லிவிட்டுப் பஞ்சாலை, கொஞ்ச நேரம் கழித்து, "அதுவும் கார்டு குடுத்ததுக்குப் பிந்திதான்னு சேத்துச் சொல்லணும்" என்றாள். அதற்கப்புறம் அவள் அடுப்பு ஊதும்போதும் துணி துவைக்கும்போதும் உதடு அசைவதை மாரியம்மா பார்த்தாள். பேனல் டாக்டருக்கு என்ன சொல்வது என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாராவது, "அண்ணனுக்கு எப்புடியிருக்கு?" என்று வாசலில் கேட்டால்கூட ஒரு நிமிசம் யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

தேதி போட்ட லெட்டர் வந்தது. அந்தத் தேதிக்கு இன்னும் நாள் கிடந்தது.

ஒருநாள் பொழுது சாய, கஞ்சி குடிக்கும்போதே சன்னாசி கிண்ணத்தை வைத்துவிட்டான். நாக்குக்கு அடியில் மாத்திரையை வைத்துக்கொண்டு சுவரோரம் சாய்ந்திருந்தான். "டிரெசர்கிட்ட போவட்டுமா?" என்று பஞ்சாலை கேட்டதற்கு, "வேணாம். அந்தாளு எதையாச்சும் எழுதிருவாரு. எழுதுனா பேனல் டாக்டரு அதயும் சேத்துக் கேப்பாரு. தேதி வரைக்கும் சும்மா இரு" என்றான். அவளுக்கும் அது சரியென்றுதான் பட்டது. என்ன கொடுமை பாருங்கள், அவளுக்கும் அது சரியென்று பட்டது. எண்ணெய் தேய்த்துவிட்டாள். விடியற்காலையில் பெரட்டுக்குப் போக வேண்டாம் என்றாள். எம்சி என்கிற மருத்துவச் சீட்டு இல்லாமல் நின்றால் அதுவும் ஒரு கேள்வியாக வரும் என்று அவன் சட்டையை மாட்டிக்கொண்டான்.

பால் எடுத்துப் பால்கொட்டாய் வரைக்கும் வந்துவிட்டான். பால் நிறுக்கிற இடத்தில் வரிசையில் நின்றவன், வாளிக்குப் பக்கத்தில் குந்தினான். குந்தினவன் அப்படியே பக்கவாட்டில் சரிந்தான். வாளி கவிழ்ந்து அவன் தோளெல்லாம் வெள்ளையாகப் பால் ஓடியது. மண்டோர் ஓடினான், சத்தம் போட்டான். டிரெசர் ஓடிவந்தார். அவர் எதையும் கேட்கவில்லை, எதையும் எழுதவில்லை. பால் லோரியைக் காலி பண்ணச் சொல்லி, தானே பின்பக்கம் ஏறி, சன்னாசியின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். சாலை நெடுக, "சன்னாசி, இந்தா பாரு, என்னப் பாரு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பஞ்சாலை அவன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கால் சில்லிட்டிருந்தது. மேலெல்லாம் பால் உறைந்து தோலோடு ஒட்டியிருந்தது.

அன்றைக்குப் பொழுது இறங்குமுன் சன்னாசி கண்ணை மூடிவிட்டான். ஆனால் சொல்ல வேண்டியது அதற்கு முந்தி, பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்தது.

லோரியை ஓரங்கட்டச் சொல்லிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்த காவலாளியிடம் டிரெசர் மன்றாடிக்கொண்டிருந்தார். சன்னாசியைத் தள்ளுகட்டிலில் போட்டுத் திரைக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார்கள். ஒரு மலாய் டாக்டரம்மா, இளம்பிள்ளை, வேகமாக வெளியே வந்தார். கையில் காகிதம் இல்லை, பேனா இல்லை. கூட ஒரு தமிழ் நர்ஸ். டாக்டரம்மா பஞ்சாலையின் தோளில் கை வைத்து மலாயில் கேட்டார். பஞ்சாலைக்கு மலாய் தெரியும், ஆனால் அன்றைக்குக் காதில் ஏறவில்லை. நர்ஸ் தமிழில் சொன்னாள்:

"அக்கா, வலி எப்பலேருந்துன்னு கேக்கறாங்க."

பஞ்சாலை நர்ஸைப் பார்த்தாள். டாக்டரம்மாவைப் பார்த்தாள்.

"எந்த வலி?"

"இந்த வலிதான்க்கா. எப்ப ஆரம்பிச்சது? சீக்கிரம் சொல்லுங்க. ஒரு ஊசி இருக்கு, வலி வந்து கொஞ்ச நேரத்துக்குள்ள போடணும். அதான் கேக்கறாங்க."

நேற்றுப் பொழுது சாய. அது அவளுக்குத் தெரியும். கஞ்சிக் கிண்ணம் கீழே வைத்தது கண்ணுக்குள் நிற்கிறது. ஆனால் நேற்று என்று சொன்னால், நேற்று வந்தது நாளைக்குப் போய்விடும் என்பார்களோ. தீபாவளிக்கு அப்புறம் என்று சொன்னால், முதலில் ஏன் மூணு வருசம் என்று சொன்னாய் என்பார்களோ. மூணு வருசம் என்றால் பழைய நோவு, கதவு அடைபட்டுவிடும். இப்போதுதான், காலையில்தான் என்றால்? அது பொய். பொய் சொன்னால் அப்புறம் மாற்ற முடியாது. உதடு மட்டும் அசைந்தது. திரைக்குப் பின்னால் யாரோ என்னவோ அவசரமாகக் கூப்பிட்டார்கள்.

"அக்கா, பயப்படாதீங்க. சும்மா உள்ளதச் சொல்லுங்க."

பஞ்சாலை அந்தச் சின்ன டாக்டரம்மாவின் ரெண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தன நாளுன்னு சொன்னா அவரப் பாப்பீங்கன்னு நீங்களே சொல்லுங்கம்மா. நான் அதயே சொல்லிர்றேன்."

நர்ஸ் அதை மலாயில் சொல்லவில்லை. டாக்டரம்மா கையை விடுவித்துக்கொள்ளாமல், அதே கேள்வியை இன்னும் மெதுவாக மறுபடி கேட்டார்.